ஊன்றிய காலுக்குப் பின்னால்

மார்ச் 4
டயாலிசிஸ் கூடம்

என் மனைவியின் தம்பிக்கு,

இதை உன் அக்காவின் கட்டிலருகே அமர்ந்து எழுதுகிறேன். அவள் கண்ணயர்ந்திருக்கிறாள். அவளுடைய இரத்தம் ஒரு குழாயில் வெளியேறி, இயந்திரத்துக்குள் சென்று, மற்றொரு குழாயில் திரும்பிக்கொண்டிருக்கிறது. இன்று இது நடந்திருக்கக் கூடாது. இன்று காலை உன் இடது சிறுநீரகம் அவளுக்குப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நமக்கென ஒதுக்கியிருந்த அறுவை அரங்கில் இப்போது வேறு யாருக்கோ வேறு ஏதோ நடக்கிறது.

தொலைபேசியில் உன்னுடன் பேச எனக்கு விருப்பமில்லை. இக்கட்டான எதையும் நீ ஒரு சிரிப்போடுதான் தொடங்குவாய். அந்தச் சிரிப்பைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. உன் எண்ணை முடக்கிவிட்டேன். எழுத்தில் சிரிப்பு கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

நான் விசாரித்து அறிந்தவை இவை. லிஃப்ட் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நீ, நாற்பத்து நான்கு வயதில், உங்கள் நிறுவனத்துக் கிடங்கின் பின்புறம் தனியாகப் பந்து உதைத்துப் பழகியிருக்கிறாய். அதுவும் சாதாரண உதை அன்று. ஊன்றிய காலுக்குப் பின்னால் மற்றக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டும் பின்னிக்கொண்ட நிலையில் பந்தை அடிப்பதாம். ராபோனா என்று பெயராம். நேராக உதைக்கக்கூடிய பந்தை ஒருவன் ஏன் அப்படி உதைக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டேன். "சும்மா ஜாலிக்குத்தான் சார்" என்றார். நீ எந்த அணியிலும் இல்லை. உன்னைத் தடுக்க எதிரே எவரும் நிற்கவில்லை. உன் இடது கணுக்காலை உன் வலது காலே உடைத்திருக்கிறது.

உள்ளே உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடி, புண் ஆறி, தொற்று ஏதுமில்லை என்று உறுதியாகும்வரை உன் உடலில் வேறெந்த அறுவையும் செய்ய மாட்டார்களாம். மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். அந்த மாதங்கள் உன் அக்காவிடம் இருக்கின்றனவா என்று நான் கேட்டபோது, மருத்துவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

என் இரத்தம் அவளுக்குப் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தால் உன் உதவியை ஏற்றிருக்கவே மாட்டேன். நீ முன்வந்த நாளிலிருந்து நான் விதித்தவை சில: உப்பைக் குறைப்பது, இருசக்கர வண்டியைத் தொடாதிருப்பது, வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது. அனைத்தையும் கடைப்பிடிக்கிறாய் என்றே நம்பினேன்.

அன்று மாலை உன் அக்கா தையற்கடைக்குப் போனவள், துணி இன்னும் ஆகவில்லையென்று வெறுங்கையோடு திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "அவனுக்குக் கால்ல அடியாங்க" என்றாள். அவளைத் தேற்ற வேண்டியவனாக நான் இருந்தேன். உன்மீது இன்றுவரை அவளுக்கு ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அறுவைக்கு நாள் குறித்த பிறகு, ஏன்?

உன் அக்காவின் கணவன்


மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க லெட்டரை வாட்ச்மேன் நாலு மாடி ஏறி வந்து குடுத்துட்டு, மூச்சு வாங்க அஞ்சு நிமிஷம் என் கட்டில்லயே உக்காந்துட்டாரு. எங்க பில்டிங் லிஃப்ட் ஓடல. அதைச் சரி பண்ற ஆளு மாவுக்கட்டோட மேல படுத்திருக்கான், லிஃப்ட் கீழ நிக்குது. இங்க எல்லாரும் சிரிச்சாச்சு. நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு தெரியும்.

ஏன்னு கேட்டிருக்கீங்க. காரணம்னு சொன்னா சின்னதாத்தான் இருக்கும், கோவப்படாதீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் மோதுற ஆட்டம், விழுற ஆட்டம் எல்லாம் பாத்து ஆடணும்னு டாக்டர் சொன்னாரு. சரின்னுட்டேன். வெளிய வந்தப்புறம்தான், அந்த ஒரு உதை இன்னும் வரலயேன்னு தோணுச்சு. ஒரு வருஷமா சாப்பாட்டு நேரத்துல நாங்க ரெண்டு மூணு பேரு ஷட்டரைப் பாத்து உதைச்சுப் பழகுறோம். யாருக்கும் வரல. பந்து ஒரு பக்கம் போகும், செருப்பு ஒரு பக்கம் போகும். அதுதான் வேடிக்கையே. உள்ள இருக்குறதை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சரியா வரணும்னு நெனச்சேன். வேற எதுவும் கேக்கணும்னு தோணல அத்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பயமா இருந்துச்சு. லிஃப்ட் குழிக்குள்ள எறங்குறப்போ, மேல நிக்குறது நம்ம மேல வந்துடுமோன்னு ஒரு நெனப்பு வரும், அது மாதிரி. நாள் கிட்ட வரவர ஜாஸ்தியாச்சு. அந்த உதையைப் பழகும்போது மட்டும் இருக்காது. பின்னால போற காலு எங்க இருக்குன்னே உடம்புக்குத் தெரியாது, அதைத் தேடுறதுலயே மனசு போயிடும். பயப்பட எடமே இருக்காது.

தப்புதான். அக்காவை நெனச்சா சோறு எறங்கல. ஆனா ஒண்ணு கேக்கவா? ஆறு மாசமா வாரம் தவறாம போன் பண்ணீங்க. "கிரியாட்டினின் எவ்வளவு, தண்ணி எவ்வளவு குடிச்சே, பிரஷர் பாத்தியா." ஒரு தடவையாவது நான் எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா? உங்க சாமானைப் பத்திரமா தூக்கிட்டு வர்ற கூரியர்காரன் மாதிரி ஆயிட்டேன். கூரியர்காரன் விழுந்தாக்கூட முதல்ல பார்சலைத்தான் பாப்பாங்க.

பார்சலுக்கு ஒண்ணும் ஆகல. வீக்கத்துக்கும் வலிக்கும் அவங்க குடுத்த பெரிய மாத்திரை எதையும் போடல. நீங்க கூடாதுன்னு சொன்னதுல அது இருந்துச்சு. பந்து இல்ல.

உங்கள் மைத்துனன்


மார்ச் 14

என் மனைவியின் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் நகைச்சுவையாக எழுதப்பட்ட பகுதிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒன்றே: "பயமா இருந்துச்சு."

அச்சம் இயல்பானது. அதற்காக உன்னைக் குறைகூறமாட்டேன். ஆனால் அச்சம் கொண்ட ஒருவன், நாள் நெருங்க நெருங்க, தன் உடலுக்குத் தீங்கு நேரக்கூடிய ஒரே காரியத்தைத் தேடிச் செய்திருக்கிறான். அதன் பயனாக அவன் அஞ்சிய நாள் வராமலே போயிற்று. அவன்மீது பழியும் இல்லை. கட்டுப் போட்ட காலைப் பார்ப்பவர்கள் பரிதாபப்படுகிறார்கள். இதைவிடக் கண்ணியமான வெளியேற்றம் ஒன்றை நான் கண்டதில்லை. நீ திட்டமிட்டுச் செய்தாய் என்று சொல்லவில்லை. செய்யவில்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் ஏன் கேட்கவில்லை என்கிறாய். உன் அக்கா ஒரு நாளில் குடிக்கக்கூடிய நீரை நான் அளவுக் குவளையில் ஊற்றி வைக்கிறேன். அது தீர்ந்த பிறகு அவள் வெறும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். நலம் விசாரிக்கும் பழக்கம் இந்த வீட்டைவிட்டுப் போய்ச் சில காலம் ஆகிறது.

என் தொழில் என்னவென்று உனக்குத் தெரியும். ஊருக்குப் போகும் குடிநீரைச் சோதிக்கிறேன். ஒரு மாதிரியில் ஐயம் எழுந்தால், அது தீரும்வரை அந்த நீரைத் திறந்துவிட நான் அனுமதிப்பதில்லை. ஐயத்தை மனத்துக்குள் வைத்துக்கொள்வதுமில்லை. உரிய இடத்தில் பதிவு செய்கிறேன். இதிலும் அவ்வாறே செய்துவிட்டேன். மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளரிடம் நேற்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உன் அக்காவுக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

உன் அக்காவின் கணவன்


மார்ச் 29

அத்தான்,

முந்தாநாள் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. எங்க ஆளுங்க நாலு பேரு என்னை நாற்காலியில வச்சு நாலு மாடி எறக்குனாங்க. "ஊருக்கே லிஃப்ட் விட்டவனைத் தோள்ல தூக்க வச்சிட்டியே"ன்னு திட்டிக்கிட்டே வந்தாங்க. காலைப் பாக்கத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன். காலை யாரும் பாக்கல.

ஒரு சின்ன ரூம். ரெண்டு நாற்காலி, ஒரு மேசை, அதுல டிஷ்யூ பெட்டி. ஒரு மேடம் வந்து கதவைச் சாத்திட்டு, "உங்களை யாராவது வற்புறுத்துறாங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல புரியல. அப்புறம், "உங்களுக்கு இதுல விருப்பமில்லன்னு உங்க குடும்பத்துலயே ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காரு"ன்னாங்க. யாருன்னு அவங்க சொல்லல. அந்த மாதிரி எழுதுறவரு நம்ம குடும்பத்துல ஒருத்தர்தான் இருக்காரு.

அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. கேட்டுக்குங்க. நான் அங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். காரணம் கேக்க மாட்டாங்க. வெளிய யாருக்கும் சொல்ல மாட்டாங்க. "மருத்துவ ரீதியா பொருந்தல"ன்னு உங்ககிட்ட சொல்லி முடிச்சிடுவாங்க. இதை முதல் நாள் டெஸ்ட்டுக்குப் போனப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தாங்க அத்தான். அந்தக் கதவு ஆறு மாசமா தொறந்துதான் இருந்துச்சு. வெளிய போகணும்னு நெனச்சவன் எதுக்குக் காலை ஒடைச்சுக்கணும்?

பொய் சொல்ல மாட்டேன். உங்க மேல இருந்த கோவத்துல அந்த ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் "எங்கக்காவுக்குக் குடுக்குறேன் மேடம், எங்க அத்தானுக்கு இல்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா எழுதிக் குடுத்ததை அவங்க ஒதுக்க முடியாதாம். குழு கூடணுமாம், எல்லாரையும் விசாரிக்கணுமாம். அதுவரைக்கும் ஃபைலை நிறுத்தி வச்சிட்டாங்க. காலு சரியானாலும் ஃபைல் நகராது.

இதைச் சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருந்தா. நீங்க இவ்வளவு தூரம் போனப்புறம் எனக்கு என்ன சத்தியம்.

அன்னிக்கு அவ தையல் கடைக்குப் போகல. கோடவுனுக்கு வந்தா. நான்தான், இன்னிக்கு வந்துடும் போல இருக்கு, வந்து பாக்குறியான்னு போன் பண்ணேன். கேபிள் டிரம்மைக் கவுத்துப் போட்டு உக்கார வச்சேன். சின்ன வயசுல நான் உதைக்க அவதான் கோல் கீப்பர். இப்ப கையைத் தூக்க முடியாது, அதனால பாக்குறவளா வந்தா. ரெண்டு மூணு தடவை சொதப்புச்சு. அப்புறம் வந்துச்சு அத்தான். இடது காலை ஊன்றி, வலது காலைப் பின்னால சுத்தி, பந்து எழும்பி ஷட்டரோட மேல்பட்டையில போய் டமால்னு அடிச்சுது. நானே நம்பல. அக்கா கையைத் தட்டுனா. டயாலிசிஸ் ஊசி போடுற கையின்னு கூடப் பாக்காம தட்டுனா. "டேய் வாலு, இன்னொரு தடவைடா. கண்ணை மூடிட்டேன், சரியாப் பாக்கல"ன்னா.

அந்த இன்னொரு தடவையிலதான் ஒடைஞ்சுது.

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணதும் அவதான். நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு அவளை வீட்டுக்குப் போன்னு வெரட்டுனேன். நீங்க பெருந்தன்மைன்னு எழுதுனீங்களே, அது அது இல்ல. அவ என்னைத் திட்டாதது, தன்னைத் திட்டிக்கிட்டு இருக்கறதால.

உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 5

மைத்துனருக்கு,

உன் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. எனக்கு அப்போது இருந்த சினம் உன்மீது மட்டும் இருக்கவில்லை. தையற்கடை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவளிடம் ஒரு விளக்கம் பெறும் உரிமை எனக்கு உண்டு என்று எண்ணினேன்.

அவள் இறுதிவரை படித்தாள். தையற்கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமாம்."

"என் தம்பி வேணும்னே காலை ஒடைச்சுக்கிட்டான்னா?"

"அப்படி ஐயம் இருப்பதாக எழுதினேன்."

"அப்ப எனக்கு அது வேணாம்."

அவ்வளவுதான். கடிதத்தை மடித்து என்னிடமே தந்துவிட்டு, துவைத்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள். மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். உன் சம்மதம் இருந்தும், அவள் கையொப்பம் இல்லாமல் எதுவும் நடக்காது.

என் பதிவைத் திரும்பப் பெறச் சென்றேன். உன்னை விசாரித்த அதே பெண் அதிகாரி என்னை அதே அறையில் அமர்த்தினார். "எதன் அடிப்படையில் சந்தேகப்பட்டீர்கள்?" என்றார். சொன்னேன். "அந்த உதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். "யாராவது உதைத்து?" இல்லை என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் பார்க்காத நீரைப் பற்றி அறிக்கை எழுதியதில்லை என்று அவரிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

சென்ற வாரம் டயாலிசிஸின் நடுவே அவளுக்கு இரத்த அழுத்தம் சரிந்தது. கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினார்கள். நினைவு திரும்பியதும் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் என்னோடு பேசுவது, எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு மட்டும்.

நீ அவளிடம் பேசு. இது கட்டளை அன்று. நீ சொன்னால் கேட்பாள்.

அத்தான்


ஏப்ரல் 10

அத்தான்,

பேசுனேன். கேக்கல. உங்களைப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல, அதுதான் எனக்கு பயமா இருக்கு. திட்டுனா சரியாப் போயிடும். "அவரு ஒரு விஷயத்தை நேர்ல பாக்காம முடிவு பண்ண மாட்டாருன்னு இருபத்தஞ்சு வருஷமா நம்பிட்டேன்டா"ன்னா.

எனக்கு ஒரு வழிதான் தெரியுது. கோடவுன் சாவி அங்க வாட்ச்மேன்கிட்ட இருக்கு, சொல்லி வச்சிருக்கேன். பந்து கேபிள் டிரம்முக்குப் பின்னால கெடக்கும். அவளைக் கூட்டிட்டுப் போங்க. போய் உதைச்சுப் பாருங்க. பந்து உங்க இடது காலுக்கு வெளிப்பக்கம் இருக்கணும். இடது காலை ஊன்றுங்க. வலது காலைப் பின்னால கொண்டுபோங்க. அப்புறம் உங்க பாடு.

ஷூ போட்டுட்டுப் போங்க. ஒரு வீட்டுக்கு ஒரு கணுக்கால் போதும்.

உங்கள் மைத்துனன்


மே 3

தம்பிக்கு,

சென்றேன். உன் அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் காலணி அணிந்துகொண்டிருந்தபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கிடங்கின் பின்புறம் நான் எண்ணியதைவிடச் சிறியது. தரையில் எண்ணெய்க் கறை. ஓரத்தில் லிஃப்டுகளின் துருப்பிடித்த எடைக்கட்டிகள். ஷட்டரின் மேல்பட்டையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் சிறிது நேரம் நின்றேன். அவள் கேபிள் டிரம்மில் அமர்ந்தாள். அது அவளுடைய இடம் என்பதுபோல அமர்ந்தாள்.

நான் ஒரு கேள்வியோடு சென்றிருந்தேன். அந்த உதையை முயலும் ஒருவன், வேண்டுமென்றே தன் கணுக்காலைக் குறிவைக்க முடியுமா? அதைச் செய்துபார்ப்பதே முறை. ஆகவே பந்தை வைத்தேன், இடது காலை ஊன்றினேன், வலது காலைப் பின்னால் அனுப்பினேன். அனுப்பினேன் என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ஊன்றிய காலுக்குப் பின்னால் போனதும் அந்தக் கால் எனக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. முதல்முறை அது காற்றை உதைத்தது. அடுத்த முறை தரையை. பந்தையும் என்னால் குறிவைக்க முடியவில்லை, கணுவையும் முடியவில்லை. நீ எழுதியிருந்தது சரி. அந்த நொடியில் ஒருவனால் எதையும் திட்டமிட முடியாது, அச்சப்படவும் முடியாது.

பின்னொரு முயற்சியில் விழுந்தேன். பின்புறம் தரையில் பட, இரு கால்களும் பின்னியபடியே மேலே நின்றன. ஐம்பத்தாறு வயதில், இஸ்திரி போட்ட சட்டையோடு. ஒரு சத்தம் கேட்டது. உன் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க. அதை நான் எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. சிரிப்பு முடிந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "நான்தாங்க இன்னொரு தடவைன்னு சொன்னேன்" என்றாள். தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரி, நானும் இன்னொரு தடவை முயல்கிறேன்" என்றேன். "போதும். வாங்க" என்றாள். என் சட்டையின் முதுகை அவளே தட்டிவிட்டாள், ஊசி போடாத கையால்.

நேற்றுக் குழுவின் முன் சென்று, என் ஐயத்துக்கு அடிப்படை இல்லை, சோதித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். எப்படிச் சோதித்தேன் என்று கேட்டார்கள். சொன்னேன். எவரும் சிரிக்காதது அவர்களின் பண்பு. உன் அக்கா கையொப்பமிட்டுவிட்டாள். ஆயினும் முறைப்படி அனைவரையும் மீண்டும் விசாரித்த பிறகே புதிய நாள் குறிப்பார்களாம். ஜூனில் கூடுவார்கள். ஜூலைக்கும் தள்ளலாம் என்கிறார்கள். உன் எலும்பு கூட எடுத்துக்கொள்ளும் காலத்தைவிட, நான் எழுதிய ஒரு பக்கம் கலைய எடுத்துக்கொள்ளும் காலம் நீளமாக இருக்கிறது. அதுவரை அவள் தாக்குப்பிடிப்பாளா என்று மருத்துவரை நான் கேட்கவில்லை. அவர் பேனாவை நேராக்குவதை மறுபடி பார்க்க விரும்பவில்லை.

என் சினம் தணிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நாள் குறித்த பிறகு பந்தைத் தொட்டவன் நீ. அதை நான் மறப்பதாக இல்லை. அந்தச் சினத்தில் உன் பங்கு எது, என் பங்கு எது என்று பிரித்தறிவது முன்போல எளிதாக இல்லை, அவ்வளவே.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். என்றாலும் இதை எழுத்தில் கேட்கவே தோன்றுகிறது. கிரியாட்டினின் அளவை மருத்துவமனையே எனக்குத் தெரிவித்துவிட்டது; நீ எழுத வேண்டாம்.

கணுக்கால் எப்படி இருக்கிறது? இன்னும் வலிக்கிறதா?

அத்தான்